எண்ணெய் தின்னும் பாக்டீரியா

மழை நாளில் சாலையில் தேங்கிய நீரின்மேல் வானவில் நிறங்கள் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டியிலிருந்து சொட்டிய எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவியதால் வந்த நிறங்கள் அவை. ஒரு துளியே இத்தனை தூரம் பரவுமானால், ஒரு கப்பல் எண்ணெய் கடலில் கொட்டினால் என்ன ஆகும்?

1989ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் அது நடந்தே விட்டது. அலாஸ்கா கடற்பகுதியில் 'எக்ஸான் வால்டஸ்' என்னும் கப்பல் பாறைத்திட்டில் மோதியது. ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. கடற்பறவைகள் இலட்சக்கணக்கில் மடிந்தன. கரைப் பாறைகளை வெந்நீரைப் பீய்ச்சிக் கழுவினார்கள். எண்ணெயோடு, பாறைகளில் ஒட்டி வாழ்ந்த சிற்றுயிர்களும் வெந்து அழிந்தன. வேறு வழி தேடிய விஞ்ஞானிகள் பாக்டீரியாவின் உதவியை நாடினார்கள்.

எப்படித் தின்கின்றன?

கச்சா எண்ணெய் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள்களின் கலவை. கடலடிப் பிளவுகளில் அது இயற்கையாகவே நெடுங்காலமாகக் கசிந்து வருகிறது. அதை உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்களும் கடலில் உண்டு. அவற்றின் என்சைம்கள் முதலில் எண்ணெய் மூலக்கூறில் ஆக்சிஜனைச் சேர்க்கின்றன. அது ஆல்கஹாலாகி, பின்பு கொழுப்பு அமிலமாகிறது. அதன்பின் துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. முடிவில் மிஞ்சுபவை கரியமில வாயுவும் நீரும். இதில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு பாக்டீரியா பெருகுகிறது.

அப்படியானால் அவை தாமாகவே கடலைத் தூய்மை செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வெறும் சோற்றை மட்டும் தின்று உடல் வளருமா? எண்ணெயில் கார்பன் ஏராளம்; ஆனால் புதிய செல்கள் உருவாகத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரசும் போதிய அளவு இல்லை. நம் உழவர்கள் தழைச்சத்து, மணிச்சத்து என்று சொல்பவை இவைதாம். எனவே அலாஸ்கா கரையில் உரம் தூவினார்கள். அங்கேயே இருந்த பாக்டீரியாக்கள் பெருகின. சில வாரங்களில், உரமிட்ட பாறைகள் கண்ணுக்குத் தெரியும்படி வெளுத்தன.

ஆனால் கற்களுக்கடியில் ஆழப் புதைந்த எண்ணெய் 20 ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கே இருந்தது. அங்கு ஆக்சிஜன் போதாமை ஒரு முக்கியக் காரணம். முதற்படிக்கே ஆக்சிஜன் வேண்டும் என்பதை நினைவு கொள்ளுங்கள்.

வழக்காடிய பாக்டீரியா

இந்த விபத்துக்கு முன்பே, 1970களில், வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார். சூடோமோனாஸ் பாக்டீரியாவின் ஒவ்வொரு வகையும் எண்ணெயின் ஒரு பகுதியைத்தான் சிதைக்கும். அதற்கான மரபுச் செய்தி, பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் உள்ளது. அவர் நான்கு வகைப் பிளாஸ்மிட்களை ஒரே பாக்டீரியாவில் சேர்த்தார். உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை தரலாமா என்று வழக்கு எழுந்தது. தரலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஆதரித்தனர், நால்வர் எதிர்த்தனர். எனினும் அந்தப் பாக்டீரியா கடலில் விடப்படவேயில்லை. மாற்றியமைத்த உயிரை வெளியே விட்டால் விளைவு என்னவாகும் என்ற அச்சம் இருந்தது.

கழிவிலிருந்து சோப்பு வரை

எண்ணெயும் நீரும் கலவா. எனவே சில சூடோமோனாஸ்கள் சோப்புப் போன்ற ராம்னோலிபிட் என்னும் பொருளைச் சுரந்து, எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்துக்கொள்கின்றன. அதே பொருளை இன்று பாக்டீரியாவுக்குச் சர்க்கரை ஊட்டித் தொழிற்சாலையில் தயாரிக்கிறார்கள். பாத்திரம் கழுவும் திரவத்தில் சேர்க்கிறார்கள். இது எளிதில் மட்கிவிடும்.

இந்தச் சின்னஞ்சிறு வேலையாட்களுக்கு நாம் செய்ய வேண்டியது என்ன? அவற்றுக்கு எந்தச் சத்து குறைகிறது என்று அறிந்து கொடுக்க வேண்டும். கொட்டிய பிறகு துடைப்பதைவிடக் கொட்டாமல் காப்பதே மேல் என்பதையும் மறக்கக் கூடாது.