இலையைச் சேமிப்போம்

சேர்வராயன் மலைமேல், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில், பனி சூழ்ந்த காலையில் துளசிநீர் பருகுதல் இனிது. அங்குத் தங்கிய நாள்களில், காலையில் இறக்கியதை மாலைக்கும் வைத்துக்கொள்வது என் வழக்கம். அது பிழையென்று பின்னரே உணர்ந்தேன்.

துளசியிலுள்ள ரோஸ்மாரினிக் அமிலம் போன்ற பொருள்கள் பிராணவாயுவைத் தாமே முந்தி ஏற்று, பிறவற்றைச் சிதையாமல் காப்பவை. திறந்த பாத்திரத்திலோ, அவை காற்றுக்கே இரையாகின்றன, நீரும் கறுக்கிறது. மணம் தரும் யூஜெனாலும் ஆவியாகி அகல்கிறது. வெப்பமும் வெளிச்சமும் செம்பு, இரும்புக் கலப்பும் அவ்வழிவை விரைவாக்கும். எலுமிச்சையின் புளிப்பு தாமதமாக்கும்.

உலர்ந்த இலை நெடுநாள் நிற்கும். ஆயினும் மலைப்பனியின் ஈரம் ஏறினால் பூஞ்சணம் பற்றும். ஆதலின் நிழலில் உலர்த்தி, இறுக மூடிய கலத்தில், வெளிச்சம் படாமல் வைத்தல் வேண்டும்.

இன்னொன்று: அவ்வுயரத்தில் நீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். எனவே இலையிட்டபின் பாத்திரத்தை மூடி, சற்றுக் கூடுதலாக ஊறவிடுதல் நன்று.

சேமிக்கத் தக்கது இலையே. நீரை அவ்வப்போது இறக்கி, அப்போதே பருகுங்கள்.