வெண்கூம்பு உரைக்கும் செய்தி

பறவை கூடு கட்டத் தொடங்கினால் அது முட்டையிடப் போகின்றதென்று சிறுபிள்ளையும் சொல்லிவிடும். மெக்சிக்கோ நாட்டுச் சொச்சிமில்கோ ஏரிக்குரிய அக்சலோட்டல் என்னும் சலமாந்தர் இனமோ கூடு கட்டுவதில்லை. குரல் கொடுத்துத் துணையை அழைப்பதுமில்லை. செவுள்களை உதிர்க்காது, குடம்பிக் கோலத்திலேயே முதுமை எய்தும் அதிசயப் பிராணி அது. என்றும் இளமையாகவே தோன்றும் ஒன்று இனம்பெருக்கத் தலைப்பட்டதை எவ்வாறு அறிவது? இதனை வளர்க்கும் அன்பர்கள் என்னிடம் கேட்கும் வினா இதுவே.

அறிஞர் உலகமும் ஒருகால் இதில் மயங்கியதுண்டு. கூவியே போன்ற பேரறிஞரே இதனை வேறொரு பிராணியின் குடம்பியென்று கருதினார். மெக்சிக்கோவிலிருந்து பாரிஸ் வந்த 34 அக்சலோட்டல்களுள் ஆறு, 1864இல் அந்நகர நூதனசாலைப் பேராசிரியர் ஒகுஸ்ட் டியூமெரிலிடம் சேர்ந்தன. ஐந்து ஆண், ஒன்று பெண். 1865ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தக் ‘குடம்பிகள்’ முட்டையிட்டன!

அன்று பாரிஸில் நிகழ்ந்தது இன்று வீட்டுத்தொட்டியிலும் நிகழ்கின்றது. ஏறக்குறைய ஒன்றரை வயதில் ஆணின் வாலடியிலே கழிவுவாயின் இருமருங்கும் தடித்துப் புடைக்கும். பெண்ணின் வயிற்றுப்புறம் அகன்று பருக்கும். இவை பருவமெய்தியதற்கே அடையாளம். மிகையாக உண்ட பிராணியும் பருத்திருக்கும். கூடலுக்கு முன்னர் ஆண் வாலை நெளித்தசைத்து முன்னே ஊர, பெண் அதன் வாலடியை மூக்கினால் தொட்டவாறு பின்தொடரும். பெரும்பாலும் இரவில் நிகழும் இந்நடனத்தைக் காண்போர் சிலரே. காலையில் எஞ்சுவது ஒரு சான்று: கல்லிலும் தரையிலும் ஒட்டிய, வெண்முனை கொண்ட சிறு பாகுக்கூம்புகள். அவை ஆண் வைத்த விந்துப்பொதிகள். பெண் அவற்றின்மேல் ஊர்ந்து விந்தைத் தன்னுடலுள் ஏற்றுக்கொள்ளும். அதன்பின் ஓரிரு நாளுள் நீர்ச்செடிகளில் முட்டைகள் தோன்றும். நூறாகவும் இருக்கலாம், ஆயிரமாகவும் இருக்கலாம்.

அழுக்கென்று எண்ணி அக்கூம்புகளைத் துடைத்தெறிவோருக்கு நான் சொல்வது இதுவே: முடிவெடுக்க வேண்டிய வேளை அது. ஆணைப் பிரித்துவிடுங்கள், ஓய்வின்றி மீண்டும் மீண்டும் முட்டையிட்டால் பெண் நலிந்துவிடும். முட்டைகளையும் வேறாக்குங்கள், பெற்றோரே அவற்றைத் தின்றுவிடும். இரண்டு மூன்று வாரத்தில் பொரிக்கும் குஞ்சுகள் அசையும் உயிரிரையையே உண்ணும். பசித்தால் ஒன்றன் காலை மற்றொன்று கடிக்கும். ஆயிரம் வாய்களுக்கு நாள்தோறும் இரை தேட இயலாதவர், கரு உருப்பெறுமுன்னரே முட்டைகளை உறையவைத்து அழித்துவிடுதல் பட்டினியிலும் மேலான கருணையாகும். உடன்பிறந்தவற்றை இணைசேர விடுதலும் தகாது.

இதனை வற்புறுத்தக் காரணம் உண்டு. சொச்சிமில்கோ நீர்நிலைகளில் 1998இல் ஒரு சதுர கிலோமீற்றருக்குச் சுமார் 6,000 என மதிப்பிடப்பட்ட அக்சலோட்டல்கள், 2014இல் ஏறத்தாழ 36 ஆகக் குறைந்தன. அழுக்கடைந்த நீரும், கொண்டுவந்து விடப்பட்ட கெண்டை, திலாப்பியா மீன்களும் இவ்வழிவுக்குக் காரணங்கள். ஆய்வுகூடங்களிலும் வீடுகளிலும் வாழ்வன பெருந்தொகையினவாயினும், அவற்றின் முன்னோருட் பல பாரிஸ் வந்த அச்சிறு கூட்டத்தைச் சேர்ந்தவை. பிற்காலத்தில் வேற்றினச் சலமாந்தரின் கலப்பும் நேர்ந்தது. ஆதலால் தொட்டியில் ஆயிரம் பொரித்தமை கண்டு, ஏரி பிழைத்ததென்று மகிழ்தல் பேதைமை. தொட்டியிற் பிறந்தவற்றுக்குக் காவல் அதன் உடையவரே. அக்காவலின் முதற் கடமை, கல்லில் ஒட்டிய ஒரு வெண்புள்ளியை உற்றுநோக்குதல்.