ஷட்டர் போட்ட மரபணு

“நான் போயிலை போடுறதில்ல, வெறும் வெத்திலை பாக்குத்தான்.” தெமட்டகொடை ஸ்டேஷன் பக்கம் ஓட்டோவில் ஏறினால் இதைக் கேட்கலாம். சீவலும் விரல் நுனிச் சுண்ணாம்பும் வைத்து மடித்ததைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டேதான் சொல்வார்கள். அந்தக் கன்னத்துக்குள் என்ன நடக்கிறது?

நம் கலங்களில் மரபணுக்கள் (உடல் இயங்குவதற்கான குறிப்புகள்) இருக்கின்றன. அவற்றில் பி16 என்பது, கலம் கண்டபடி பெருகாமல் பிரேக் போடும் மரபணு.

அது பழுதானால்தானே புற்றுநோய்? பழுதாகாமலும் வரும். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையொன்று ஷட்டர் போட்டுக் கிடக்கிறது என்று வையுங்கள். உள்ளே பிரேக் சாமான் புத்தம் புதிதாக இருந்து உங்கள் வண்டிக்கு என்ன பயன்? மரபணுவின் தொடக்கத்தில் மெதைல் (ஒரு காபனும் மூன்று ஐதரசனும் சேர்ந்த துணுக்கு) அளவுமீறி ஒட்டினால், கலத்தால் அந்தக் குறிப்பைப் படிக்க முடியாது. எழுத்து அப்படியே இருக்கும், வாசல் அடைபட்டுவிடும்.

இதை நம் நாட்டில் பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். இலங்கையில் வெற்றிலை போடுபவர்களின் வாயில், புற்றுநோய்க்கு முந்திய நிலையிலிருந்த புண்களை ஆராய்ந்து 2008இல் ஓர் ஆய்வு வந்தது. பி16இலும் அதைப் போலவே பிரேக் போடும் பி14, பி15 மரபணுக்களிலும் மெதைல் மிகையாக ஒட்டியிருப்பது அடிக்கடி காணப்பட்டது. புற்றுநோய் வருமுன்பே ஷட்டர் இறங்கத் தொடங்குகிறது.

புகையிலை இல்லாவிட்டால்? பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பிலேயே சொல்லிவிட்டது. ஓட்டோக்கார அண்ணனின் சமாதானம் அதோடு சரி.

மூடியதைத் திறக்க மருந்து உண்டா? மெதைல் ஒட்டுவதைத் தடுக்கும் அசாசைட்டிடினுக்கு அமெரிக்கா 2004இல் அனுமதி கொடுத்தது, ஆனால் என்புமச்சை நோய்க்கு. வாய்ப் புற்றுநோய்க்கு அது வழக்கமான சிகிச்சை அல்ல. அதை நம்பி இருக்காதீர்கள்.

வெற்றிலை பாக்கை இப்போது விட்டால் பலனுண்டா? உண்டு. அபாயம் குறையும், ஒரே நாளில் அல்ல. ஆனால் பாக்குப் போட்டு வாய் ஏற்கெனவே திறக்க முடியாதபடி இறுகியிருந்தால், அந்த இறுக்கம் தானாக இளகாது.

ஆகவே பல் தீட்டும்போது கண்ணாடியில் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் பாருங்கள். சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படை, சிவந்த திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், கொச்சிக்காய் பட்டதும் தாங்காத எரிவு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காட்டிவிடுங்கள். மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட முடியாவிட்டாலும்தான். நோகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது.

எங்கே காட்டுவது? தெமட்டகொடையிலிருந்து பொரளை தாண்டினால் வோட் பிளேஸில் அரச பல் வைத்தியசாலை இருக்கிறது. பார்ப்பதற்குக் காசில்லை.