ஸ்டெப்னியும் டிக்கியும்

பஞ்சரான சக்கரத்துக்குப் பதிலாக மாட்டப்படும் உபரிச் சக்கரத்தைத் தமிழகத்து ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் ஸ்டெப்னி என்றழைப்பது, வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரிலுள்ள ஸ்டெப்னி தெருவின் பெயரிலிருந்து வந்த வழக்காகும். தொடக்ககாலக் கார்கள் உபரிச் சக்கரம் இன்றியே விற்கப்பட்டமையால், பஞ்சரானால் நடுவழியிலேயே டியூபைக் கழற்றி ஒட்டவேண்டியிருந்தது. இத்தொல்லையைத் தீர்க்க, 1904ஆம் ஆண்டில் அத்தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், ஆரக்கால்கள் இல்லாத வளையம் ஒன்றில் காற்றடைத்த டயரைப் பொருத்தி, பழுதான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் பக்கவாட்டில் இறுக்கிக்கொள்ளும் கருவியை உருவாக்கினர். அக்கருவி வழக்கொழிந்த பின்னரும், 'ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?' என்ற கேள்வி நெடும்பயணத்துக்கு முன் இன்றும் கேட்கப்படுகிறது.

பின்புறச் சாமான் அறையைக் குறிக்கும் டிக்கி என்னும் சொல்லோ, பழைய கார்களின் பின்பகுதியில் மூடியைத் திறந்தால் விரியும் கூடுதல் இருக்கையைக் குறித்ததாகும். இருக்கை மறைந்து அவ்விடத்தில் பெட்டிகள் ஏறியபோதும் பெயர் மாறவில்லை.

காரைக் குறிக்க மகிழுந்து, சிற்றுந்து என்னும் அழகிய ஆக்கங்கள் ஏடுகளில் வழங்க, அன்றாடப் பேச்சிலோ மாட்டுவண்டிக்கும் ரயிலுக்கும் உரிய வண்டி என்னும் பழஞ்சொல்லே காரையும் இயல்பாகத் தன்னுள் அடக்கிக்கொண்டுள்ளது.