மைக்கை அணைக்காதீங்க

எல்லையோர வாசகர்கள் – 9

தமிழின் முதல் நாவல் ஒரு நகைச்சுவை நாவல் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ‘பிரதாப முதலியார் சரித்திரம், மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1879’ என்று பள்ளிக்கூடத்தில் எழுதி ஒரு மதிப்பெண் வாங்கியிருப்போம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் வாங்குகிறார்கள். அதோடு சரி. அந்தப் புத்தகத்தைத் திறந்து படித்துச் சிரித்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் காவேரிப்பட்டினத்து வாசகர் வட்டம் ஒன்று இந்த நாவலைக் கையில் எடுத்தது. காவேரிப்பட்டினத்து வட்டம் என்பது பேருக்குத்தான். பாதிப் பேர் ஓசூர் சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிறவர்கள், சிலர் பெங்களூருவில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். ஊரிலேயே இருப்பவர்கள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், மாங்கூழ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், வீட்டிலேயே நிப்பட்டு போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் ஓர் அக்கா. கூடுவது ஞாயிறு இரவு, கூகுள் மீட்டில். இந்த நாவலைத் தேர்ந்தெடுத்ததற்கு இலக்கியக் காரணம் எதுவும் கிடையாது. காப்புரிமை முடிந்த நூல், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. இவ்வளவுதான்.

முதல் கூட்டம் சப்பென்று போனது. கூட்டத்தை நடத்தும் பையன் வழக்கம்போல எல்லோருடைய மைக்கையும் அணைத்து வைத்தான். ஒருவர் பேச மற்றவர்கள் கேட்க வேண்டும் என்பது விதி. தமிழாசிரியர் முதல் அத்தியாயத்தில் சிரிப்பு வரும் இடங்களை வரிசையாக எடுத்துச் சொன்னார். திரையில் சிறு சிறு கட்டங்களுக்குள் முகங்கள் அசையாமல் இருந்தன. சிரித்தார்களா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? மூன்று நான்கு பேர் சிரிக்கும் பொம்மையைத் தட்டிவிட்டார்கள். சோக நாவலை இப்படிப் பேசலாம், சரித்திர நாவலையும் பேசலாம். நகைச்சுவைக்கு இது ஆகாது. பக்கத்தில் ஒருவர் சிரித்தால்தான் நமக்கும் சிரிப்பு வரும். இந்தப் பக்கத்துப் பாரதக் கூத்தில் கட்டியக்காரன் வந்து நின்றதுமே, அவன் வாயைத் திறக்கும் முன்பே கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிடும். தனியாக உட்காரவைத்து அதே வசனத்தைக் கேட்கச் சொன்னால் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள்.

“மைக்கை அணைக்காதீங்க தம்பி, சத்தம் வந்தா வரட்டும்” என்று அடுத்த வாரம் சொன்னது நிப்பட்டு அக்காதான். அப்புறம் சத்தத்துக்குக் குறைவில்லை. அக்கா வீட்டில் எண்ணெய் பொரிகிற சத்தம். மாங்கூழ் ஆலைத் தம்பிக்கு அது சீசன். பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும் மாதம், இரவு ஷிப்டிலிருந்து வெளியே ஓடிவந்து பேசுவான், பின்னால் இயந்திரம் உறுமும். ஆளுக்கு ஒரு பக்கம் என்று சத்தமாக வாசித்தார்கள். வாசிக்கிறவரே பாதியில் சிரித்து நிறுத்திவிடுவார், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தைய உரைநடை நாக்கில் கொஞ்சம் இடறும்தான். ஆனால் காதுக்காகவே எழுதியதுபோல அது ஓடுகிறது.

எழுதியவர் யார் என்று தெரிந்தால் அந்த ஓட்டம் எங்கிருந்து வந்தது என்பதும் புரியும். வேதநாயகம் பிள்ளை 1826-இல் திருச்சிப் பக்கம் குளத்தூரில் பிறந்தவர். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று உட்கார்ந்து வழக்குக் கேட்டவர். பொய்ச் சாட்சி, வாய்ச்சவடால், பங்காளிச் சண்டை, வெட்டி கௌரவம் எல்லாம் தினமும் அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றிருக்கும். அவர் எழுதிய நகைச்சுவை எல்லாம் கோர்ட்டு வாசலில் பொறுக்கியது என்று எனக்குப் படுகிறது.

செருப்புத் தைக்கிறவன் வழக்கு ஒன்று வருகிறது. அறுந்த செருப்பைத் தைத்துக் கொடு, உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்கிறான் பிரதாபன். தைத்தாயிற்று. எவ்வளவு கொடுத்தாலும் ‘எனக்குச் சந்தோஷம் வரவில்லையே’ என்கிறான் தைத்தவன். விவகாரம் நியாயஸ்தலத்துக்குப் போய், பிரதாபன் சிறையில் கிடக்கிறான். அவனைத் தேடி ஆண் வேடத்தில் வந்த மனைவி ஞானாம்பாள் அந்த நாட்டுக்கே அரசராகிவிடுகிறாள். அரசனில்லாத நாட்டில் யானை வந்து அவள் கழுத்தில் மாலை போட்டுவிடுகிறது. ‘நான் பட்டத்துக்கு வந்ததில் உனக்குச் சந்தோஷமா?’ என்று அவள் அந்த ஆளைக் கேட்கிறாள். இல்லை என்று அரசரிடம் சொல்ல முடியுமா? சந்தோஷம் என்கிறான். அப்படியானால் கடன் தீர்ந்தது, போ. வட்டத்தில் அன்றைக்கு நிஜமாகவே சிரிப்பு வெடித்தது.

வெடித்து அடங்கியதும் சிப்காட்டிலிருந்து ஒருவர் கேட்டார்: “ஏன் சார், ஏமாத்தறவனா காட்ட அவருக்குச் செருப்புத் தைக்கிறவர்தான் கிடைச்சாரா?” தமிழாசிரியர் அந்தக் காலம் அப்படி என்று தொடங்கினார். அந்தக் காலத்தில்தான் இதே ஆள் பெண் கல்விக்காகப் புத்தகம் எழுதினார், அங்கே தெளிந்த கண் இங்கே ஏன் மூடிக்கொண்டது என்று மறுகேள்வி வந்தது. எனக்கும் அந்தக் கேள்வி சரியென்றே படுகிறது. கதையில் உள்ள சாமர்த்தியத்தை ரசித்துக்கொண்டே, யாரை வைத்துச் சிரிக்கிறோம் என்று கேட்கலாம். சிரித்த பிறகு கேட்டதால்தான் அந்தக் கேள்வி எல்லோருக்கும் உறைத்தது. கட்டுரை வாசித்திருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

எதிர்பாராத இடத்தில் சிரிப்பு நின்றுபோனதும் உண்டு. சின்ன வயதில் பிரதாபன் பாடத்தில் தப்புச் செய்தால் அடி அவனுக்கு விழாது. பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளை அல்லவா? கூடப் படிக்கும் கனகசபைக்கு விழும். முன்சீப் இதை நல்ல வேடிக்கையாக எழுதியிருக்கிறார். வாசித்து முடித்ததும் ஒரு சத்தமும் இல்லை. “எங்க லைன்ல இது தினமும் நடக்கறதுதாங்க. பர்மனென்ட் ஆளு தப்புப் பண்ணா மெமோ காண்ட்ராக்ட் பையனுக்கு” என்றார் ஒருவர். அதற்குப் பிறகு அரை மணி நேரம் நாவலை யாரும் தொடவில்லை.

இன்னோர் இடத்தில் தமிழ் வக்கீல்கள் தமிழ் நீதிபதிக்கு முன்னால், தமிழ்க் கட்சிக்காரனுக்காக இங்கிலீஷில் வாதாடுவதைப் பிடி பிடியென்று பிடிக்கிறார் பிள்ளை. எல்லாம் தமிழ் முகமாக உட்கார்ந்து ரிவியூ மீட்டிங்கை இங்கிலீஷில் நடத்தும் கம்பெனிகளைத் தெரிந்தவர்களுக்கு உரை எதுவும் தேவைப்படவில்லை.

புத்தகத்தைத் தூக்கி வைத்துப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நடுநடுவே பிரசங்கம் நீண்டுகொண்டே போகிறது. கதாபாத்திரம் வாயைத் திறந்தால் நீதிநூல் கொட்டுகிறது. (நீதிநூல் என்றே இவர் தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார், 1859-இல். அதோடு நிறுத்தியிருக்கலாம்.) அலுப்புத் தட்டும் இடத்தில் ‘பக்கத்தைத் தள்ளு’ என்று யார் வேண்டுமானாலும் குரல் கொடுக்கலாம் என்று வட்டம் முடிவு செய்தது. தள்ளிய பக்கங்கள் கணிசம்.

எல்லையூர்க்காரர்கள் என்பதால் பேச்சு பக்கத்து மொழிகளுக்கும் போகும். வீட்டில் தெலுங்கு பேசும் ஒருவர் கந்துகூரி வீரேசலிங்கத்தின் ‘ராஜசேகர சரித்திரமு’வைக் கொண்டுவந்தார். அது 1880-இல் புத்தகமானது. கோல்ட்ஸ்மித்தின் ‘விகார் ஆஃப் வேக்ஃபீல்ட்’ நாவலின் சாயல் கொண்டது, மூடநம்பிக்கையை நையாண்டி செய்வது. பெங்களூரு நண்பர் கன்னடத்து ‘இந்திராபாய்’ பற்றிச் சொன்னார், குல்வாடி வெங்கட ராவ் எழுதி 1899-இல் வந்தது. கிருஷ்ணகிரி சந்தையில் ஒரே நாளில் காதில் விழும் மூன்று மொழிகளிலும் நாவல் இருபது வருட இடைவெளிக்குள் பிறந்திருக்கிறது. மூன்றிலும் சீர்திருத்த வேகம் உண்டு. கதை சொல்கிறவனே தன்னைக் கோமாளியாக்கிக்கொண்டு பேசுவது நம்முடையதில்தான் என்று தமிழாசிரியர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அந்தப் பெருமைக்கு ஆதாரம் கொடுத்தது நிப்பட்டு அக்கா. “இந்த பிரதாபன் கதை பூரா என்னதான் செய்யறான்? வழி தப்பறான், மாட்டிக்கறான், ஜெயிலுக்குப் போறான். அவன் அம்மா புத்தி சொல்றாங்க, பொண்டாட்டி நாட்டையே ஆள்றா. ஆனா தலைப்புல பேரு மட்டும் அவனோடது.” அம்மா சுந்தரத்தண்ணி, மனைவி ஞானாம்பாள் என்ற இரண்டு பெண்களின் புத்தியில் ஓடும் கதையை ஒன்றும் செய்யாத ஆண்பிள்ளை தன் சரித்திரம் என்று சொல்லிக்கொள்கிறான். நாவலின் அடிப்படை வேடிக்கையே இதுதான் என்று பேராசிரியர்கள் எழுதலாம். அக்கா அதை மாவைத் தட்டிக்கொண்டே சொல்லிவிட்டார்.

அடுத்த புத்தகம் எது என்பதில் இப்போது அடிதடி. தேவனின் ‘மிஸ்டர் வேதாந்தம்’ வேண்டும் என்று ஒரு கட்சி. அப்புசாமி–சீதாப்பாட்டிதான் என்று இன்னொரு கட்சி. அவர்களைப் படைத்த பாக்கியம் ராமசாமி, அதாவது ஜ.ரா.சுந்தரேசன், ஜலகண்டாபுரத்துக்காரர். தர்மபுரி மாவட்டம் 1965-இல் பிரிகிற வரை காவேரிப்பட்டினமும் ஜலகண்டாபுரமும் ஒரே சேலம் ஜில்லா, அதனால் அவர் நம்ம ஊர்க்காரர் என்பது இந்தக் கட்சியின் வாதம். ஆனால் அப்புசாமி புத்தகத்தை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். யார் வாங்கி யாருக்குக் கொடுப்பது என்பது இந்த ஞாயிறு முடிவாகும்.

(தொடரும்)