கட்டத்துக்குள் மறைந்த நாயுடுபேட்டை: தமிழுக்குக் கிரிப்டிக் குறுக்கெழுத்து ஒத்துவருமா?

ஆங்கில நாளிதழ்களில் நாள்தோறும் வெளியாகும் 'கிரிப்டிக்' எனப்படும் மறைகுறிப்புக் குறுக்கெழுத்துப் புதிருக்குத் தென்னிந்தியாவில் பல தலைமுறை வாசகர்கள் உண்டு. காலைக் காபியுடன் அதைத் திறந்து, அலுவலகம் செல்லும் ரயிலில் முடித்து, மாலையில் நண்பர்களுடன் விவாதிப்பவர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏராளம். ஆனால் தமிழ் நாளிதழ்களின் குறுக்கெழுத்துப் பகுதி பெரும்பாலும் நேரடிப் பொருள் கேட்பதோடு நின்றுவிடுகிறது. 'யானையின் வேறு பெயர்' என்று கேட்டால் 'களிறு' என்று நிரப்புவதற்குச் சொல்வளம் போதும். சூழ்ச்சி எதுவும் தேவையில்லை. தமிழ் இந்த விளையாட்டுக்கு ஒத்துவராத மொழியா என்ற கேள்வி இதனால் எழுகிறது.

திருப்பதி மாவட்டத்து ஊர் ஒன்றைக் கொண்டே இதைச் சோதித்துப் பார்க்கலாம். குறிப்பு இது: 'சுவர்ணமுகிக் கரையூர்: யுகத்தின் தலை தேசத்துக்குள் நுழைய, அடுத்து வண்டிகள் தங்குமிடம் (6)'.

அடைப்புக்குறிக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை. குறிப்பின் ஒரு முனையில் நேரடிப் பொருள் இருக்கும். இங்கே 'சுவர்ணமுகிக் கரையூர்' என்பது அது. எஞ்சிய பகுதி விடையைத் துண்டு துண்டாகக் கட்டித் தரும். தேசம் என்பது 'நாடு'. யுகத்தின் தலை, அதாவது முதலெழுத்து, 'யு'. நாட்டுக்குள் அது நுழைந்தால் 'நாயுடு'. வண்டிகள் தங்குமிடம் 'பேட்டை'. நா, யு, டு, பே, ட், டை என ஆறு எழுத்துகளும் நிரம்பிவிட, நாயுடுபேட்டை கிடைக்கிறது. மேலோட்டமாகப் படிப்பவருக்கு வரலாற்றுக் கதை போலத் தோன்றுவது, பிரித்துப் படிப்பவருக்குக் கட்டளைகளின் வரிசையாகிவிடுகிறது.

விடை சரிதானா என்று மறுநாள் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதே இவ்வகைப் புதிரின் தனிச்சிறப்பு. நேரடிப் பொருளும் சொற்கட்டும் ஒரே விடையில் சந்திக்க வேண்டும். சந்திக்காவிட்டால் விடை தவறு அல்லது குறிப்பு தவறு. பிரிட்டனில் 'ஆஃப்ரிட்' என்ற புனைபெயரில் புதிர் அமைத்த ஏ.எஃப். ரிச்சி 1949-லும், 'ஷிமினிஸ்' என்ற பெயரில் எழுதிய டி.எஸ். மக்நட் 1966-லும் தங்கள் நூல்களில் இந்த நேர்மை விதியை வலியுறுத்தினர். புதிர் அமைப்பவர் வாசகரைத் திசைதிருப்பலாம். ஆனால் அவர் எழுதியதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் விடை வந்தே தீர வேண்டும் என்பது அதன் சாரம்.

புதிர் முடிந்த பின் நடக்கும் விவாதமும் பெரும்பாலும் இந்த நேர்மையைச் சுற்றியே அமைகிறது. விடை என்ன என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. அது எப்படி வந்தது, ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருந்ததா என்பதில்தான் வாதம். எடுத்துக்காட்டாக, மேற்கண்ட குறிப்பில் 'நெல்லூர் மாவட்ட ஊர்' என்று எழுதியிருந்தால் 2022 மார்ச் வரை அது சரி. அந்த ஆண்டு ஏப்ரல் 4 அன்று ஆந்திரப் பிரதேச மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டு நாயுடுபேட்டை திருப்பதி மாவட்டத்துக்குச் சென்றுவிட்டதால், இன்று அதே குறிப்பு வெளியானால் வாசகர்கள் விடமாட்டார்கள்.

நியூயார்க்கில் தொடங்கி சென்னை வரை

முதல் குறுக்கெழுத்தை லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் அமைத்தார். 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் 1913 டிசம்பர் 21 அன்று அது வெளியானது. நேரடிப் பொருள் கேட்ட அந்தப் புதிரை மறைகுறிப்பாக மாற்றியது பிரிட்டன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 ஜனவரியில், 'டெய்லி டெலிகிராஃப்' அலுவலகத்தில் 12 நிமிடங்களுக்குள் புதிரை முடிக்கும் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. அதில் பங்கேற்றோர் சிலர் பின்னர் பிளெட்ச்லி பார்க் சங்கேத முறியடிப்புப் பணிக்கு அழைக்கப்பட்டனர்.

இந்தியாவில் இப்புதிரின் வரலாற்றிலும் படைவீரர் ஒருவருக்கு இடமுண்டு. செங்கல்பட்டில் 1911-ல் பிறந்த ராம்தாஸ் கட்டாரி, 1958-ல் கடற்படைத் தலைமைத் தளபதியான முதல் இந்தியர். கோவா விடுதலையின்போதும் அப்பொறுப்பில் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு, 1970-களின் தொடக்கத்தில், சென்னையிலிருந்து வெளியாகும் 'தி இந்து' ஆங்கில நாளிதழுக்குப் புதிர் அமைக்கத் தொடங்கினார். 1983-ல் காலமாகும் வரை அப்பணி தொடர்ந்தது. கப்பல்களை நடத்தியவர் கட்டங்களை நிரப்பினார் என்பது வியப்பாகத் தோன்றலாம். சங்கேதச் செய்தியோடு பழகியவருக்கு இது அந்நியமாக இருந்திருக்காது.

அந்நாளிதழில் கிரிட்மேன், ஆர்டன், பஸ்ஸர் போன்ற புனைபெயர்களில் பலர் அமைத்துள்ளனர். 2013 முதல் 'இந்தியன் கிராஸ்வேர்ட் லீக்' என்ற போட்டியும் நடைபெறுகிறது. சென்னையின் ராம்கி கிருஷ்ணன் அதில் பலமுறை வாகை சூடியுள்ளார். இவை அனைத்தும் ஆங்கிலத்தில் என்பது குறிப்பிடத்தக்கது.

தண்டியாசிரியர் அறிந்த விளையாட்டு

தமிழுக்கு இந்தச் சூழ்ச்சி புதிதல்ல. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தண்டியலங்காரம், சொல்லணியியலில் சித்திரகவி வகைகளை வரிசைப்படுத்துகிறது. பல வினாக்களின் விடைகளை ஒட்டினால் ஒரே சொல் வருவது வினாவுத்தரம். நாயுடுபேட்டைக் குறிப்பு செய்ததும் ஏறத்தாழ அதைத்தான். ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் மற்றொரு செய்யுளை ஒளிப்பது கரந்துறைச் செய்யுள். எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க நீக்கப் புதிய சொற்கள் பிறப்பது அக்கரச்சுதகம். பின்னிருந்து படித்தாலும் மாறாத மாலைமாற்றில், தண்டியலங்காரத்துக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே திருஞானசம்பந்தர் முழுப் பதிகமே பாடியிருக்கிறார். சுழிகுளம் என்ற வகையோ வரிக்கு எட்டெழுத்தாக நான்கு வரிகளில் எழுதப்பட்டு, சுழன்று படிக்கப்படுவது. கட்டமிட்டால் அதுவும் ஒரு குறுக்கெழுத்தே.

அக்கரச்சுதகத்தை இன்றைய குறிப்பாக்குவது எளிது. 'கவிதை தலை போனாலும் முளைப்பது (2)'. விடை, 'விதை'.

சொற்சூழ்ச்சி இருந்தும் புதிர் பரவாததற்கு இரண்டு காரணங்களைக் கூறலாம். முதலாவது, வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் ஒரு சொல் எங்கு நின்றாலும் அதன் எழுத்துகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தமிழில் 'நாடு' என்பது 'நாட்டுக்குள்' என்றும், 'மரம்' என்பது 'மரத்தில்' என்றும் உருமாறும். எழுத்துகளைக் கலைத்து அடுக்கச் சொல்லும் குறிப்புகளில் மூலச்சொல் வாக்கியத்துக்குள் சிதையாமல் நிற்க வேண்டும் என்பதால் அமைப்பவரின் கை கட்டப்படுகிறது. இரண்டாவதும் பெரியதுமான காரணம், புள்ளி வைத்த மெய்யெழுத்து. தமிழில் அதற்குத் தனிக் கட்டம்.

தெலுங்கில் இச்சிக்கல் இல்லை. ஒற்று அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்வதால் தமிழின் 'அம்மா' மூன்று கட்டம் என்றால், தெலுங்கின் 'அம்ம' இரண்டே கட்டம். கவிஞரும் இலக்கிய வரலாற்றாசிரியருமான ஆருத்ரா (1925-1998) தெலுங்கில் இப்புதிரை அமைத்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர். அங்கு அதன் பெயர் 'கள்ள நுடிகட்டு'. தமிழ்க் காதுக்குக் கள்ளத்தனம் போல ஒலித்தாலும், அதன் பொருள் கட்டங்களில் அமைந்த சொற்கட்டு என்பதே.

தமிழிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவிலிருந்து வெளியாகும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்துவந்த புதிர்கள், சொல்லைப் பிரித்தும் கலைத்தும் விடை தரும் மறைகுறிப்பு வகையைச் சேர்ந்தவை. மெய்யெழுத்துச் சிக்கல் கடக்க முடியாதது அல்ல என்பதற்கு அவை சான்று.

நாயுடுபேட்டையையே மீண்டும் கட்டத்தில் வைத்துப் பார்த்தால் வழி தெரியும். ஐந்தாம் கட்டத்தில் உள்ள 'ட்' தமிழ்ச் சொல்லுக்கு முதலிலும் வராது, இறுதியிலும் வராது. அதன் வழியே மேலிருந்து கீழ் ஒரு சொல் செல்ல வேண்டுமானால் 'வட்டி', 'பட்டம்' போல ஒற்று நடுவில் இருப்பதாகத்தான் தேட வேண்டும். ஆனால் கிரிப்டிக் கட்டங்களில் பெரும்பாலும் ஒன்றுவிட்டு ஒரு கட்டம்தான் மற்றொரு சொல்லைச் சந்திக்கிறது. எனவே 1, 3, 5 என்பதை விடுத்து 2, 4, 6 ஆகிய கட்டங்களைத் தேர்ந்தால் 'ட்' தொல்லையின்றி ஒதுங்கிவிடும். 'யு' கட்டத்தில் 'யுகம்' தொடங்கலாம். 'பே' கட்டத்தில் 'பேச்சு' தொடங்கலாம். கடைசியில் உள்ள 'டை' சொல்லுக்கு முதலாகாது என்றாலும், கீழிறங்கிவந்து அதில் முடிவதற்குக் குடை, கடை, நடை, விடை எனச் சொற்களுக்குப் பஞ்சமில்லை.