தேசிக்காய் இலையில் வெள்ளிக் கோடு

வெள்ளவத்தைத் தொடர்மாடிப் பல்கனிகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுக்கமான முற்றங்களிலும் ஒரு தேசிக்காய்க் கன்றாவது சாடியில் நிற்கும். மழைக்குப் பின் குருத்து விட்டதும், அந்த இளம் இலைகளில் வெள்ளி நிறக் கோடுகள் நெளிந்தோடும். இலை சுருண்டு கோணலாகும். நத்தை ஊர்ந்த தடம் என்பார்கள் சிலர், கண்ணூறு என்பாரும் உண்டு. இரண்டுமில்லை. இலைச்சுரங்கப் புழுவின் வேலை இது.

தாய் அந்து, சிறகை விரித்தாலும் 4 மில்லிமீட்டர்தான். வெண்மையான சிறகின் நுனியில் ஒரு கரும்புள்ளி. கல்கத்தாவில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1856இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் இதை விவரித்தார். அறிவியல் பெயர் பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. தோடை, வில்வம் எல்லாம் இதற்கு உணவுதான்.

கோடு விழுந்த இலையொன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடு நரம்புக்குப் பக்கத்தில் நூல் போலத் தொடங்கும் பாதை, புழு வளர வளர அகலமாகும். பாதையின் நடுவே ஓடும் கருங்கோடு அதன் எச்சம். கால்களற்ற அந்தத் தட்டைப் புழு, இலையின் மேற்தோலுக்கு அடியில் கலங்களை அறுத்துச் சாற்றைக் குடித்தபடியே முன்னேறும். கடைசிப் பருவத்தில் தீனி இல்லை; ஓரத்துக்கு வந்து, பட்டு நூலால் இலை விளிம்பை மடித்து, உள்ளே கூட்டுப்புழுவாகும். எங்கள் வெக்கைக்கு முட்டையிலிருந்து அந்து வர இரண்டு, மூன்று வாரம் போதும்.

1993இல் புளோரிடாவில் தென்பட்ட இந்தப் பூச்சி, ஓராண்டுக்குள் மாநிலத்தின் தோடைத் தோட்டங்களெங்கும் பரவிவிட்டது. அது கிழித்த புண்கள் வழியே கேங்கர் என்ற இலைநோயின் பக்டீரியாவும் புகுந்தது. அடக்குவதற்கு ஆசியக் குளவியொன்றை 1994இல் அங்கே கொண்டுபோனார்கள். குளவி இடும் ஒரு முட்டையே பலவாகப் பிரிந்து, ஒரே புழுவுக்குள்ளிருந்து பல குளவிகள் வெளிவரும். கேட்கவே கொஞ்சம் கொடூரம்தான்!

மருந்தடிக்க ஓடுவதுதான் பெரிய பிழை. தோலுக்கடியில் கிடக்கும் புழுவை அது எளிதில் எட்டாது. வெளியே திரியும் குளவிகளைத்தான் கொல்லும். வளர்ந்த மரம் இந்தச் சேதத்தைத் தாங்கும், சின்னக் கன்றுதான் திணறும். கோடு விழுந்த இலையையும் பிடுங்க வேண்டாம், மிச்சப் பச்சை இன்னும் உணவு செய்கிறது. யூரியாவை அள்ளிப் போடுவதையும் அடிக்கடி கொப்பு வெட்டுவதையும் நிறுத்தலாம்: இரண்டுமே புதுத் தளிரை வரவழைக்கும், தளிரில்தான் அந்து முட்டையிடும்.